குழாயைத் திறப்பது ஒரு வேலை, கட்டியைக் கொல்வது வேறு வேலை

சென்ற இதழில் மஞ்சள் காமாலை பற்றிய கேள்விக்குப் பதில் எழுதும்போது, ‘புற்றுநோய் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும் ஸ்டென்ட்களும் ஆராய்ச்சியில் இருக்கின்றன’ என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். (ஸ்டென்ட் என்பது அடைபட்ட குழாயைத் திறந்து வைக்க அதற்குள் பொருத்தும் சிறு குழல்.) இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பகுதி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. சில கடிதங்களில் நம்பிக்கை, சிலவற்றில் கோபம் (“இப்படி ஒன்று இருப்பதை ஏன் எங்கள் டாக்டர் சொல்லவில்லை?”), ஒன்றிரண்டில் பண விவகாரமும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் இந்த முறை சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்): என் அண்ணனுக்குக் கணையத்தின் தலைப்பகுதியில் புற்றுநோய். பித்தநாளம் அடைபட்டு உடம்பெல்லாம் மஞ்சள் பாய்ந்திருக்கிறது. இரவில் அரிப்பு தாங்காமல் உட்கார்ந்தே இருக்கிறார். உலோக ஸ்டென்ட் வைக்க வேண்டும், நாள் குறித்துவிடலாம் என்கிறார்கள். இதற்கிடையில் என் மகன் இணையத்தில் படித்துவிட்டு, மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்தால் கட்டியே கரைந்துவிடும், அது எங்கே கிடைக்கிறது என்று விசாரித்துவிட்டுத்தான் வைக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். காத்திருக்கலாமா டாக்டர்?

பதில்: காத்திருக்காதீர்கள் ஐயா. குறித்த நாளிலேயே வைத்துவிடுங்கள். உங்கள் மகனுக்கும் காரணம் தெரிய வேண்டும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

கணையத்தின் தலைப்பகுதி வழியாகத்தான் பித்தநாளம் சிறுகுடலுக்கு இறங்குகிறது. அங்கே வளரும் கட்டி நாளத்தை வெளியிலிருந்து நெரிக்கிறது. பித்தம் வடிய வழியில்லாமல் இரத்தத்துக்குத் திரும்புகிறது. மஞ்சளும் அரிப்பும் அதனால் வருபவை. எண்டோஸ்கோப்பை வாய் வழியாகச் சிறுகுடல் வரை இறக்கி, நாளத்தின் வாயில் மெல்லிய கம்பியைச் செலுத்தி, அதன் மேல் ஸ்டென்ட்டை ஏற்றுவோம். உறைக்குள் மடங்கியிருக்கும்போது அதன் தடிமன் 3 மி.மீ.கூட இருக்காது. உறையைப் பின்னால் இழுக்க இழுக்க, நிக்கலும் டைட்டானியமும் கலந்த அந்தக் கம்பி வலை தானாக விரிந்து 10 மி.மீ. அகலத்தை எட்டப் பார்க்கும். எக்ஸ்ரே திரையில் பார்த்தால் இரண்டு முனைகளும் முதலில் விரியும், நடுவில் கட்டி நெரிக்கும் இடம் மட்டும் இடுப்பாய்ச் சிறுத்து நிற்கும். அந்த இடுப்பு முழுதாக விரிய ஓரிரு நாள் ஆகும். ஆனால் பித்தம் அதற்காகக் காத்திருப்பதில்லை. பல வாரங்கள் தேங்கிக் கறுத்துப்போன பித்தம், பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலைக்குள்ளிருந்து குபுகுபுவென்று கொட்டும். இத்தனை வருடங்களில் எனக்கு இன்னும் அலுக்காத காட்சி அது.

இப்போது உங்கள் மகன் படித்த விஷயத்துக்கு வருகிறேன். வலைக் கம்பிகளின் இடைவெளி வழியே, வேலிக்குள் கொடி நுழைவதைப் போல, கட்டி உள்ளே வளர்ந்து சில மாதங்களில் ஸ்டென்ட்டை மறுபடியும் அடைக்கலாம். அதைத் தடுக்க வலையின் மேல் ஒரு மெல்லிய சவ்வைப் போர்த்தினார்கள். ‘சவ்வு போர்த்துகிறோம், அதிலேயே புற்றுநோய் மருந்தையும் கலந்துவிட்டால் என்ன?’ என்பது அடுத்த யோசனை. நல்ல யோசனைதான். தென்கொரிய மருத்துவர்கள் பாக்ளிடாக்ஸெல் என்ற மருந்தைச் சவ்வில் கலந்து, முதலில் பன்றிகளின் பித்தநாளத்தில் வைத்துப் பார்த்தார்கள். 2007இல் 21 நோயாளிகளிடம் செய்த முதல்கட்டச் சோதனை வெளியானது. ஸ்டென்ட்டைப் பாதுகாப்பாக வைக்க முடிகிறது என்று அதில் தெரிந்தது.

அடுத்து வந்தவைதான் கேட்க வேண்டிய செய்தி. மருந்துள்ள ஸ்டென்ட்டையும் மருந்தில்லாத ஸ்டென்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். 2011இல் 52 பேர், 2013இல் 106 பேர். ஸ்டென்ட் அடைபடாமல் திறந்திருந்த காலத்திலும் சரி, நோயாளிகள் உயிரோடு இருந்த காலத்திலும் சரி, சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. சவ்வின் கலவையை மாற்றி, மருந்து இன்னும் நன்றாகக் கசியும்படி செய்த அடுத்த தலைமுறை ஸ்டென்ட்டையும் நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதிலும் பெரிய முன்னேற்றம் தெரியவில்லை.

ஏன்? ஒரு காரணம் தூரம். சவ்விலிருந்து கசியும் மருந்து திசுவுக்குள் சில மில்லிமீட்டர்தான் போகும். கட்டியோ பல நேரங்களில் 3, 4 செ.மீ. போதாக்குறைக்குக் கணையக் கட்டியைச் சுற்றித் தழும்பு போன்ற கெட்டியான நார்த்திசு உண்டு. இரத்தம் வழியாக வரும் மருந்தையே அது எளிதில் உள்ளே விடுவதில்லை. இன்னொரு காரணம் பித்தம். அது இரவும் பகலும் ஓடிக்கொண்டிருப்பதால் மருந்தில் ஒரு பங்கை உள்பக்கமாகவே கழுவிக் குடலுக்குக் கொண்டுபோய்விடுகிறது. தவிர, ஸ்டென்ட் கட்டியால் மட்டுமே அடைபடுவதில்லை. கிருமிப் படலமும் பித்தக் கசடும் சேர்ந்து அடைப்பதும் உண்டு. கசடுக்கும் பாக்ளிடாக்ஸெலுக்கும் எந்த வழக்கும் இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் வேறு. கணையப் புற்றுநோயில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் அந்த அடைப்பு அல்ல, கல்லீரலுக்கும் மற்ற இடங்களுக்கும் பரவும் நோய். நாளத்துக்குள் உட்கார்ந்திருக்கும் மருந்து அதைத் தொடவே தொடாது. அதைத் தொடக்கூடியது இரத்தம் வழியாகப் போகும் கீமோதெரபி. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், பரவிய கணையப் புற்றுநோய்க்கு நான்கு மருந்துகள் சேர்ந்த கீமோ கொடுத்தவர்களில் பாதிப் பேர் 11.1 மாதங்களைத் தாண்டினார்கள். அதுவரை வழக்கத்தில் இருந்த ஒற்றை மருந்தில் அது 6.8 மாதம். அந்த நான்கில் ஒன்றான இரினோடிகானை உடல் வெளியேற்றுவது கல்லீரலும் பித்தமும் வழியாகத்தான். மஞ்சளுக்குக் காரணமான பிலிருபின் என்ற நிறமி இரத்தத்தில் ஏறிக் கிடக்கும்போது அந்த மருந்தைக் கொடுத்தால் நஞ்சாகிவிடும். ஆக, உங்கள் அண்ணனுக்கு ஸ்டென்ட்தான் கீமோவுக்கு வாசல். பிலிருபின் இறங்கவே சில வாரங்கள் ஆகும். பூச்சைத் தேடி அலையும் ஒவ்வொரு வாரமும் கீமோ தள்ளிப்போகும் வாரம்.

மகனிடம் ஒன்று சொல்லுங்கள். அவர் தேடியது வீணில்லை, தேடிய இடம்தான் தவறு. சாதாரண ஸ்டென்ட் வைத்த பிறகு எத்தனை நாளில் கீமோ தொடங்கலாம், கட்டியை அறுவை சிகிச்சையில் எடுக்க வாய்ப்பு உண்டா, இந்த இரண்டையும் அவர் மருத்துவரிடம் கேட்கட்டும்.

கேள்வி (கல்லூரி மாணவி): இதயத்தில் வைக்கும் ஸ்டென்ட்டிலும் இதே மருந்துதானே பூசுகிறார்கள்? அங்கே வெற்றி பெற்றது இங்கே ஏன் தோற்கிறது?

பதில்: சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள்.

இதய இரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்ததும், அடிபட்ட குழாய்ச்சுவர் தன்னைக் குணப்படுத்திக்கொள்ளும் வேகத்தில் தேவைக்கு அதிகமாகத் தசைச் செல்களை வளர்த்துவிடும். வழி மீண்டும் குறுகும். அந்தச் செல்கள் புற்றுச் செல்கள் அல்ல, கொஞ்சம் அவசரப்பட்டவை, அவ்வளவுதான். பருமனும் ஒரு மில்லிமீட்டருக்குள். அவற்றைக் கொல்ல வேண்டியதில்லை, சில வாரங்கள் அடக்கி வைத்தால் போதும். மருந்து போக வேண்டிய தூரமும் குறைவு, செய்ய வேண்டிய வேலையும் குறைவு. 1999 டிசம்பரில் பிரேசிலின் சாவோ பாலோ நகரில் எடுவார்டோ சோசா என்ற மருத்துவர் முதன்முதலாக மனிதரிடம், செல்கள் பெருகுவதை அடக்கும் சிரோலிமஸ் என்ற மருந்து பூசிய ஸ்டென்ட்டை வைத்தார். 2003இல் அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. அதற்கு ஒப்புதல் கொடுத்தது. பாக்ளிடாக்ஸெல் பூசியது அடுத்த ஆண்டே வந்தது.

அளவைப் பாருங்கள். பாக்ளிடாக்ஸெல் பூசிய இதய ஸ்டென்ட்டில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 1 மைக்ரோகிராம் மருந்து. மொத்தம் சுமார் 100 மைக்ரோகிராம் தேறும். புற்றுநோய்க்கு அதே மருந்தை இரத்தத்தில் ஏற்றும்போது ஒருவருக்கு ஒரு தடவைக்கு ஏறத்தாழ 300 மில்லிகிராம். கணக்குப் போட்டால் மூவாயிரம் மடங்கு. கட்டிக்குள் இருப்பவை பெருகுவதையே தொழிலாகக் கொண்ட செல்கள். விளிம்பில் இருக்கும் கொஞ்சம் பேரை மருந்து கொன்றாலும் பின்னால் இருப்பவை இடத்தை நிரப்பிவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டு மருந்துகளும் வந்த இடங்கள் சுவையானவை. பாக்ளிடாக்ஸெல் பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையில் கிடைத்தது. அதன் வேதி அமைப்பை மன்சுக் வாணியும் மன்ரோ வாலும் 1971இல் வெளியிட்டார்கள். சிரோலிமஸ், ஈஸ்டர் தீவின் மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிடமிருந்து வந்தது. அதைப் பிரித்தெடுத்த குழுவின் தலைவர் சுரேந்திரநாத் சேகல், மாண்ட்ரியல் ஆய்வகம் மூடப்பட்டு நிர்வாகம் திட்டத்தையே கைவிட்ட சமயத்தில், அந்த நுண்ணுயிரை வீட்டு ஃப்ரீசரில் வைத்துப் பாதுகாத்தார். அவர் மனைவி என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

கேள்வி (ஒரு மகள்): அப்பாவுக்கு நான்கு மாதங்களுக்கு முன் இதயத்தில் மருந்து ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது பெருங்குடலில் புற்றுநோய் என்று தெரிந்திருக்கிறது. ஏற்கெனவே உடம்பில் இருக்கும் ஸ்டென்ட் மருந்து இதற்கும் கொஞ்சம் உதவுமா? அறுவை சிகிச்சைக்காக இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: முதல் கேள்விக்கு, உதவாது. அந்தச் சொற்ப மருந்து குழாய்ச்சுவரைத் தாண்டி எங்கும் போவதில்லை.

இரண்டாவதுதான் முக்கியம். நீங்களாக ஒரு மாத்திரையைக்கூட நிறுத்திவிடாதீர்கள். மருந்து ஸ்டென்ட் வைத்த பிறகு, ஆஸ்பிரினோடு இன்னொரு மாத்திரையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். மாரடைப்பு வந்து வைத்தவர்களுக்குப் பொதுவாக 12 மாதம், மற்றவர்களுக்கு 6 மாதம். மருந்து சுற்றுச்சுவரின் செல்களை அடக்கி வைப்பதால் ஸ்டென்ட்டின் மேல் இயல்பான உள்தோல் மூட நாளாகிறது. அதுவரை வெறும் உலோகத்தில் இரத்தம் உறைந்துவிடும் ஆபத்து உண்டு. ஆனால் இரத்தப்போக்கு அபாயம் அதிகம் உள்ளவர்களுக்கு இந்தக் காலத்தை ஒன்று முதல் மூன்று மாதமாகக் குறைக்க முடியும் என்று பிற்பாடு வந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நான்கு மாதம் என்பது பேசித் தீர்க்கக்கூடிய கட்டம்தான். இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் ஒருவரோடொருவர் நேரில் அல்லது போனில் பேச வேண்டும். அவர் எழுதிய சீட்டை இவரிடமும், இவர் எழுதியதை அவரிடமும் நீங்கள் சுமந்துகொண்டு அலையாதீர்கள். “நீங்கள் இருவரும் பேசி ஒரு முடிவை எழுதிக் கொடுங்கள்” என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

கேள்வி (குடும்பத் தலைவி): மாமனாருக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். தண்ணீர்கூட இறங்குவதில்லை. கதிர்வீச்சு விதைகள் பதித்த ஸ்டென்ட் என்று ஒன்று இருக்கிறதாமே? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

பதில்: அது மருந்து ஸ்டென்ட்டின் பங்காளி. குழாய்க்குள் வைத்த ஸ்டென்ட்டே கட்டியையும் தாக்கும் என்ற எண்ணத்துக்கு மனிதர்களிடம் கிடைத்த வலுவான ஆதாரங்களில் ஒன்று இந்தப் பங்காளியிடம் இருக்கிறது.

அயோடின்-125 என்ற கதிரியக்கப் பொருளை 4.5 மி.மீ. நீளமும் 0.8 மி.மீ. தடிமனும் உள்ள டைட்டானியக் குப்பிகளில் அடைத்து, ஸ்டென்ட்டின் வெளிப்பக்கத்தில் பொருத்துவார்கள். சீனாவில் 16 மருத்துவமனைகளில் 160 நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2014இல் வெளியானது. சாதாரண ஸ்டென்ட் வைத்தவர்களில் பாதிப் பேர் 147 நாள்களைத் தாண்டினார்கள். விதை பதித்த ஸ்டென்ட் வைத்தவர்களில் அது 177 நாள். விழுங்கும் சிரமமும் பின்னவர்களுக்கு நெடுநாள் கட்டுக்குள் இருந்தது. பித்தநாளத்திலும் அதே நாட்டில் 328 பேரிடம் செய்த ஆய்வில் அடைப்பு குறைந்தது, ஆயுளும் கூடியது.

மருந்து தோற்ற இடத்தில் விதை ஏன் தாக்குப்பிடித்தது என்று யோசித்தால், மறுபடியும் தூரம்தான். மருந்து மில்லிமீட்டர்களில் நின்றுவிடுகிறது. அயோடின்-125இன் கதிர் சென்டிமீட்டர் கணக்கில் போகிறது. அதைப் பித்தமோ உமிழ்நீரோ கழுவிக்கொண்டு போகவும் முடியாது. அதற்காகக் கதிர்வீச்சு எப்படிக் கொடுத்தாலும் பலன் என்று எண்ணிவிடக் கூடாது. பிரிட்டனில் சாதாரண ஸ்டென்ட் வைத்த 220 பேரைக் கொண்டு செய்த ஆய்வு 2021இல் வந்தது. ஸ்டென்ட்டுக்குப் பிறகு வெளியிலிருந்து கதிர்வீச்சு கொடுத்தும் விழுங்குவதில் கூடுதல் பலன் ஏதும் இல்லை.

முப்பது நாள் பெரிதா சிறிதா என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அந்த முப்பது நாளும் வாய் வழியாகச் சாப்பிட்டுக்கொண்டு கழிந்தால் பெரிது என்பது என் எண்ணம். விதை ஸ்டென்ட் எல்லா இடத்திலும் வைப்பதில்லை. அதற்கு உரிமம் பெற்ற கதிரியக்கப் பிரிவு வேண்டும். கிடைக்காவிட்டால் சாதாரண ஸ்டென்ட்டே அவருக்குப் பெரிய விடுதலை.

குழந்தையைப் பற்றிய பயம் நியாயமானது, ஆனால் பெரிதாக்க வேண்டாம். அந்தக் கதிர் ஆற்றல் குறைந்தது. உடல் திசுவில் ஏறத்தாழ 2 செ.மீ. கடப்பதற்குள்ளேயே பாதி உறிஞ்சப்பட்டுவிடும். 59 நாள்களுக்கு ஒருமுறை வீரியமும் பாதியாகும். அவர் தொட்ட தட்டு, துணி எதிலும் கதிரியக்கம் ஒட்டாது. ஆனால் கைக்குழந்தையை மார்பில் படுக்க வைத்துக்கொள்வதையும், கர்ப்பிணிகள் நெடுநேரம் ஒட்டி உட்காருவதையும் முதல் சில மாதங்கள் தவிர்க்கச் சொல்வார்கள். அந்த வழிமுறைகளை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த ஸ்டென்ட் வைத்தாலும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, சின்னச் சின்ன வாயாக, நன்றாக மென்று சாப்பிட வேண்டும். நடுநடுவே தண்ணீர் குடிக்க வேண்டும். சாப்பிட்டவுடன் படுக்கக் கூடாது. ஸ்டென்ட்டின் கீழ் முனை இரைப்பைக்குள் இறங்கியிருந்தால், கட்டிலின் தலைமாட்டை உயர்த்தியே தூங்க வேண்டும். இல்லாவிட்டால் இரைப்பை அமிலம் நேராகத் தொண்டைக்கு ஏறும்.

கேள்வி (பொறியாளர்): இப்போது ஆய்வகங்களில் என்னென்ன முயல்கிறார்கள்?

பதில்: நிறைய. மருந்து உள்பக்கம் வீணாகாமல் கட்டியின் பக்கம் மட்டும் கசியும்படி இரட்டைச் சவ்வு. வேலை முடிந்ததும் தானே கரைந்துவிடும் ஸ்டென்ட். தெற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் ஃப்ளுரோயுராசில் மருந்தைப் பிளாஸ்டிக்கோடு கலந்து முப்பரிமாண அச்சுக் கருவியில் உணவுக்குழாய் ஸ்டென்ட்டை அச்சிட்டார்கள். நோயாளியின் குழாய் அளவுக்கே செய்துகொள்ள முடியும் என்பது அதில் கவர்ச்சி. இவற்றில் பெரும்பாலானவை சோதனைக்குழாயிலும் விலங்குகளிடமும் நிற்கின்றன. முயலின் உணவுக்குழாயில் சாதித்தது மனிதரிடம் அப்படியே நடந்திருந்தால் என் வேலை எப்போதோ சுலபமாகியிருக்கும். பொறியாளர் என்பதால் உங்களுக்கு ஒரு கணக்கு: மருந்து முதல் வாரத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடாமலும், கட்டி வளரும் வேகத்துக்குக் குறையாமலும், மாதக்கணக்கில் ஒரே சீராகக் கசிய வேண்டும். நடுவில் கட்டி சுருங்கினால் ஸ்டென்ட் பிடிமானம் இழந்து நழுவும். இதற்கு விடை கண்டால் எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி (பெயர் வெளியிட வேண்டாம் என்ற வாசகர்): எனக்குச் சிறுநீர்ப்பையில் ஆரம்பநிலைப் புற்றுநோய். பைக்குள் பி.சி.ஜி. மருந்து (காசநோய்த் தடுப்பூசியில் இருக்கும் அதே பி.சி.ஜி.) ஏற்றியும் போகவில்லை. பையையே எடுக்க வேண்டியிருக்கும் என்கிறார்கள். உள்ளேயே மருந்து வைக்கும் வைத்தியம் எங்குமே பலிக்கவில்லையா?

பதில்: பலித்திருக்கிறது. அதிலும் நீங்கள் சொல்லும் நோயில்தான்.

சிறுநீர்ப்பையின் உள்தோலில் மட்டும் படர்ந்திருக்கும் புற்றுநோய் ஒரு மெல்லிய படலம். மருந்து தொட வேண்டியவை எல்லாம் மேற்பரப்பிலேயே இருக்கின்றன. பிரச்சினை, ஊற்றும் மருந்து ஓரிரு மணி நேரத்தில் சிறுநீரோடு போய்விடுவது. அதற்காகச் செய்யப்பட்ட கருவி ஒன்றில் ஜெம்சிடபின் மருந்து 225 மி.கி. அடைத்திருக்கிறது. சிறுநீர்க்குழாய் வழியாக நேராக நீட்டி உள்ளே விட்டால், பைக்குள் போனதும் சுருண்டு தன் வடிவத்துக்குத் திரும்பும். மூன்று வாரம் உள்ளேயே மிதந்தபடி மருந்தைக் கசியவிடும். பிறகு அதை எடுத்துவிட்டுப் புதியது வைப்பார்கள். பி.சி.ஜி. பலிக்காத, உள்தோலில் படர்ந்த வகை நோயுள்ளவர்களிடம் செய்த ஆய்வில் 82 சதவீதத்தினருக்குப் புற்று முழுவதும் மறைந்தது. அப்படி மறைந்தவர்களில் பாதிப் பேருக்கு ஓராண்டும் அதற்கு மேலும் திரும்பவில்லை. 2025 செப்டம்பரில் எஃப்.டி.ஏ. ஒப்புதல் கொடுத்தது. மீதிப் பாதிப் பேரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்காகத்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உள்ளே பார்த்தே ஆக வேண்டும் என்கிறோம். பையை எடுப்பதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்து, நோய் தசைக்குள் இறங்கிவிட்டால் பிறகு பையை எடுத்தும் பலன் குறைவு. உங்கள் நோய் இந்த வகைதானா, உங்கள் இருப்பிடத்தில் கருவிக்கு ஒப்புதல் உண்டா என்று சிறுநீரக அறுவை மருத்துவரிடம் கேளுங்கள்.

சிறுநீரகத்துக்கு அருகே மேல்பாதையில் வரும் தீவிரம் குறைந்த கட்டிகளுக்கு இன்னொன்று உண்டு. குளிர்ந்திருக்கும்போது திரவமாகவும் உடல் சூட்டில் கூழாகவும் மாறும் மைட்டோமைசின் மருந்து. 2020இல் ஒப்புதல் பெற்றது. ஆய்வில் கலந்துகொண்டவர்களில் 58 சதவீதத்தினருக்குக் கட்டி முழுவதும் மறைந்தது. அதே மருந்து பலருக்கு அந்தக் குழாயையே சுருக்கவும் செய்தது. ஓரிடத்தில் மருந்தைக் குவித்தால் அங்கேயே புண்ணும் தழும்பும் வரலாம். சாதாரண திசுவுக்கும் அது மருந்துதானே.

மூளைக்கும் ஒன்று உண்டு. கட்டியை அறுத்தெடுத்த குழியின் சுவரில் எட்டு வரை ஒட்டிவைக்கும், கார்முஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து கலந்த வில்லைகள். மூளை அறுவை மருத்துவர் ஹென்றி பிரெமும் வேதிப் பொறியாளர் ராபர்ட் லாங்கரும் உருவாக்கியவை. 1996இல் ஒப்புதல் கிடைத்தது. புதிதாக நோய் கண்டவர்களிடம் 2003இல் வெளியான ஆய்வில், வில்லை வைத்தவர்களில் பாதிப் பேர் 13.9 மாதம், வைக்காதவர்களில் பாதிப் பேர் 11.6 மாதம் கடந்தார்கள். கட்டியின் பெரும்பகுதியைக் கத்தி எடுத்துவிட்டது. மருந்துக்கு மிச்சம் இருந்தது விளிம்பு மட்டும். அதனால் அந்த அளவாவது முடிந்தது.

கேள்வி (வாசகர் ஒருவர்): ஓர் இடத்தில் “எங்களிடம் மட்டும் உள்ள விசேஷ மருந்து ஸ்டென்ட்” என்று சொல்லிப் பெருந்தொகை கேட்கிறார்கள். அத்தைக்கு வைக்கலாமா?

பதில்: மூன்று விஷயம் கேளுங்கள். இது ஒப்புதல் பெற்ற கருவியா? ஆம் என்றால் எந்த அரசு அமைப்பின் ஒப்புதல், எந்த நோய்க்கு? இதய ஸ்டென்ட்டுக்கு வாங்கிய ஒப்புதலைக் காட்டிப் பித்தநாளத்துக்கு விற்க வருபவர்கள் உண்டு. ஆய்வுதான் என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதியும், அத்தை படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டிய ஒப்புதல் படிவமும் எங்கே? முறையான ஆய்வில் சோதிக்கப்படும் கருவிக்குப் பெரும்பாலும் நோயாளியிடம் பணம் வாங்குவதில்லை. மூன்றாவது, சாதாரண ஸ்டென்ட்டோடு ஒப்பிட்ட ஆய்வு எங்கே வெளியானது? இந்த மூன்றுக்கும் நேரான பதில் வராமல், “இன்றே முன்பணம் கட்டினால்” என்று பேச்சு தொடங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி (ஒரு மனைவி): கணவருக்குப் பெருங்குடல் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அடுத்து கீமோவோடு பெவாசிசுமாப் என்று ஒரு ஊசி போடப் போகிறார்களாம். ஏதாவது தெரிந்துகொள்ள வேண்டுமா?

பதில்: ஊசிக்கு முன்பே எழுதினீர்கள், நல்லது. கீமோ கொடுக்கும் மருத்துவரிடம் ஸ்டென்ட் இருப்பதை இன்றைக்கே சொல்லுங்கள். இரத்தக்குழாய் வளர்வதைத் தடுக்கும் இந்த வகை மருந்து, ஸ்டென்ட் அழுத்தும் இடத்தில் குடல் ஓட்டையாகும் ஆபத்தைக் கூட்டக்கூடும். இந்த மருந்து கொடுப்பதாக இருந்தால் குடலில் ஸ்டென்ட் வைக்க வேண்டாம் என்றே ஐரோப்பிய எண்டோஸ்கோபி சங்கத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. மாற்று மருந்துகள் இருக்கின்றன.

கேள்வி (அதே மனைவி, கடிதத்தின் பின்குறிப்பில்): விமான நிலையத்தில் ஸ்டென்ட் சத்தம் போடுமா? மகளைப் பார்க்கப் போக வேண்டும்.

பதில்: போடாது. அவ்வளவு மெல்லிய வலையைச் சோதனைக் கதவு கண்டுகொள்ளாது. எம்.ஆர்.ஐ. எடுக்கவும் பெரும்பாலான இன்றைய ஸ்டென்ட்கள் தடையில்லை. ஆனால் ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்த அட்டையை இருவரும் ஆளுக்கொரு நகலாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த உறுப்பில், எந்தத் தேதியில், பிளாஸ்டிக்கா உலோகமா, சவ்வு உண்டா என்பது அதில் இருக்க வேண்டும். பித்தநாளத்தில் பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்திருக்கும் மற்ற வாசகர்கள் அந்தத் தேதியிலிருந்து மூன்று மாதத்தை எண்ணிக் குறித்துக்கொள்ளட்டும், அதற்குள் மாற்ற வேண்டியிருக்கும். குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் மறுபடி கறுத்தாலோ விடியட்டும் என்று இருக்காமல் அன்றிரவே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். உங்கள் கணவருக்கோ, வயிறு உப்பி, காற்றும் பிரியாமல், திடீரென்று கடும் வலி வந்தால் அதே அவசரம்.